இருந்த இடத்தில் இல்லை

ஜூன் 9, திங்கள்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஐகான் எல்லாம் வலது மானிட்டரில் போய்க் குவிந்து கிடந்தது. இடது மானிட்டர் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சாரல் காற்றுக்கு எங்கேயோ கிளை விழுந்து கரண்ட் போய்விட்டு வந்திருக்கிறது. யூபிஎஸ் பழசு. கம்ப்யூட்டரையும் ஒரு மானிட்டரையும்தான் தாங்கும். இடது மானிட்டர் அணைந்ததும், சரி இனி ஒரு திரைதான் என்று கம்ப்யூட்டர் தானாக முடிவு கட்டி எல்லாவற்றையும் அள்ளி இந்தப் பக்கம் போட்டுவிடுகிறது. கரண்ட் வந்தபிறகு திருப்பி வைப்பதில்லை.

மற்றவர்களுக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். பெயரை வாசித்து வாசித்து இழுத்துப் போட்டால் சரியாகிவிடும். எனக்கு அன்றைய வேலை போச்சு.

என் சம்சாரம் செல்வி கடையத்தில் டீச்சர். அவள் பள்ளிக்கூடம் விட்டு பஸ் பிடித்து வரும்வரை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கேட்டவர்களிடம் தலைவலி என்றேன்.

ஜூன் 10

அந்தக் காலையை இதுவரை எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

தை மாதம். பேப்பரை விரித்தேன். பேப்பர்காரன் வேறு பாஷைப் பேப்பரைப் போட்டுவிட்டுப் போய்விட்டான் என்று நினைத்தேன். செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தமிழ்தானே, என்ன விளையாட்டு?" என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம் ரத்தம் அடைத்திருக்கிறது என்றார் டாக்டர். கை கால் போகவில்லை. பேச்சு போகவில்லை. போனது பார்வையில் வலது பக்கத்துப் பாதி, இரண்டு கண்ணிலும். அதோடு வாசிப்பு. எழுத்தைப் பார்த்தால் எழுத்து என்று தெரிகிறது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. எண்கள் மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டன.

ஆனால் எழுத வருகிறது. டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து என் பெயரை எழுதச் சொன்னார். பால்வண்ணநாதன் என்று எழுதினேன். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு அதே தாளைக் காட்டி, இதில் என்ன இருக்கிறது என்றார். தெரியவில்லை என்றேன். யார் எழுதியது என்றார். அதுவும் தெரியவில்லை.

தினம் ஏதாவது எழுதுங்கள், கை மறந்துவிடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். எழுதியதை நானே வாசிக்க முடியாது. அதனால் இதில் பொய் எழுதி யாரை ஏமாற்ற?

ஜூன் 12

இடம் மட்டும் போகவில்லை. அதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.

கல்யாண ஆல்பம், பேனர், போஸ்டர் — இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. படமும் நிறமும் இன்னும் என் கையில் இருக்கின்றன. தட்டச்சு சின்ன வயதில் முறையாகப் படித்தது. வந்தவர்கள் பெயரைச் சொல்லச் சொல்ல விரல் அடித்துவிடும், கண் வேண்டாம். அடித்த பெயரை ஒரு சின்ன ஃபைலாகப் போட்டு அதற்கென்று உள்ள இடத்தில் வைப்பேன். போஸ்டர் செய்யும்போது அந்த இடத்திலிருந்து எடுத்து ஒட்டுவேன். இடது மானிட்டரில் இடது ஓரம் மேலிருந்து கீழாகக் கல்யாணங்கள். அடுத்த வரிசையில் சடங்கு, காதுகுத்து. கீழ் ஓரத்தில் இறந்தவர்கள். நடுவில் எதுவும் வைப்பதில்லை. வலது மானிட்டரில் வேலை, அதற்குத் தலையை நன்றாகத் திருப்ப வேண்டும்.

கரண்ட் இல்லாதபோது சொந்த வீட்டுக்குள் நடக்கிற மாதிரிதான். யாராவது நாற்காலியை நகர்த்தாமல் இருந்தால் போதும்.

சாயங்காலம் செல்வி வந்து அன்றைக்குச் செய்தவற்றில் பெயரையெல்லாம் வாசித்துச் சரி பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் அச்சுக்கு அனுப்புவேன். ஊரில் இது அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் எவன் வருவான்?

ஜூன் 17

மசூதுக்குத் தெரிந்துவிட்டது.

கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு எப்போதும் அவன்தான். போனில் கூப்பிட்டு, ஐகான் மறுபடியும் கலைஞ்சுட்டுலே, ஸ்கிரீன்ல ஏதோ கட்டம் வந்து நிக்கி என்றேன்.

"கட்டத்துல என்ன போட்டிருக்கு அண்ணாச்சி?"

"நீயே வந்து பாரு."

"வாசிங்களேன், போன்லயே சொல்லிருதேன். எதுக்கு அலையணும்?"

நீயே வந்து பாரு என்று மறுபடியும் சொன்னேன். வந்தான். கட்டத்தைப் பார்த்தான். சும்மா 'சரி' என்று அமுக்கவேண்டிய கட்டமாம். அமுக்கிவிட்டு என்னைப் பார்த்தான். பிறகு மேஜையில் கிடந்த பத்திரிகை ஒன்றை எடுத்து, "இது யார் கல்யாணம்?" என்று நீட்டினான். வாங்கிப் பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

"தலைகீழா பிடிச்சிருக்கிய அண்ணாச்சி" என்றான். பைய, மெதுவாகத்தான் சொன்னான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "சரி, அப்போ இது நகரவே கூடாது" என்றான். அவன் போனபிறகும் ரொம்ப நேரம் அந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வருத்தமா, ஆறுதலா?

ஜூன் 26

மசூது ஒரு சின்ன புரோகிராம் போட்டுத் தந்திருக்கிறான். ஐகான் எது எங்கே இருக்கிறது என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளுமாம். கலைந்தால் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினால் பழையபடி கொண்டுபோய் வைத்துவிடும். இடத்தை நினைவில் வைக்க ஒரு கட்டை, அதில் பச்சை ஸ்டிக்கர். திருப்பி வைக்க ஒரு கட்டை, அதில் சிவப்பு. இரண்டு மானிட்டரும் ஒரே அளவாக இருந்தால் நல்லது என்று பழையதை எடுத்துக்கொண்டு போய் அவன் கடையிலிருந்தே ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். தானாக வரிசைப்படுத்துகிறதையும் நிறுத்திவிட்டான்.

"ஒண்ணு மட்டும் மறக்கப்படாது அண்ணாச்சி. புதுசா எதையாவது வச்சியள்னா உடனே பச்சையை அமுக்கணும். அமுக்கலைன்னா அதுக்கு அந்தப் புதுசு தெரியாது. சிவப்பு அமுக்கும்போது பழசெல்லாம் சரியா வந்துரும், புதுசு வரிசையில காலியா இருக்க இடத்துல போய் உக்காந்துக்கும்."

சரிலே என்றேன். யூபிஎஸ்ஸையும் மாத்திரணும், ஆர்டர் போட்டிருக்கேன், வரட்டும் என்றான்.

ஜூலை 3

கரண்ட் போய் வந்தது. சிவப்பு. எல்லாம் அதனதன் இடத்தில். டீ வாங்கிக் குடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

செல்வி ஐந்தருவிக்குப் போவோம் என்றாள். சீசன் கூட்டம். அவளுடைய அண்ணன் இசக்கிமணி அங்கே சிப்ஸ் கடை வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் அவரோடு நின்றோம். குளிக்க வரிசை நீளமாக இருந்ததால் கீழேயே மங்குஸ்தான் வாங்கி உடைத்துத் தின்றோம். சாரல் விட்டு விட்டு விழுந்துகொண்டிருந்தது.

திரும்பும்போது சொன்னாள். "கடையை மூடிருவோமாங்க?"

ஏன் என்றேன்.

"எனக்குப் பயமா இருக்கு. கிளாஸ்ல பாடம் நடத்தும்போதுகூட, இப்போ என்ன பேரை எங்க வச்சியளோன்னு ஓடுது."

"நீ பாத்துட்டுத்தானே அனுப்புதேன்."

"நான் வரமுடியாத அன்னைக்கு?"

அன்னைக்கு அனுப்பமாட்டேன் என்றேன். என் சம்பளம் இருக்குல்லா, போதும்லா என்றாள். சம்பளத்துக்காகவா நான் போகிறேன்? வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? டிவியில் கீழே ஓடுகிற எழுத்தைப் பார்த்துக்கொண்டு?

இதை அவளிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஜூலை 16

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பண்பொழியிலிருந்து உச்சிமாகாளி அண்ணாச்சி வந்தார். போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணத்துக்கு வரவேற்பு பேனர். அடுத்த மாதம் முகூர்த்தம். மகள் பெயர் நிர்மலாதேவி. அடித்து, ஃபைலை இடது ஓரத்தில் கல்யாண வரிசையில் வைத்தேன். அவர் இருக்கும்போதே போன் வந்தது. அதுவும் பண்பொழிதான். ஆறுமுகநயினார் என்பவருடைய சம்சாரம் விடியற்காலை தவறிவிட்டார்கள். பெயர் ஆவுடையம்மாள். சொந்தக்காரப் பையன் ஒருத்தன் பேசினான். சாயங்காலம் எடுக்கிறார்கள், அதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ரோட்டில் இருக்க வேண்டும் என்றான். படத்தை வாட்ஸப்பில் அனுப்பினான். பெயரை அடித்துக் கீழ் ஓரத்தில் வைத்தேன்.

பச்சையை அமுக்கவில்லை. உச்சிமாகாளி அண்ணாச்சி எழுந்து நின்று சொல்லிக்கொண்டு போகப் பார்த்தார், வாசல்வரை கூடப் போனேன். வந்து உட்கார்ந்தபோது மறந்துவிட்டது.

மத்தியானம் கரண்ட் போனது. வந்தது. சிவப்பை அமுக்கினேன். எல்லாம் இடத்துக்குப் போனது. ஓர வரிசையும் சரியாக இருந்தது, கீழ் வரிசையும் சரியாக இருந்தது, ஒரு இடமும் காலியாக இல்லை. கீழே கடைசியில் இருந்ததை எடுத்து அந்த அம்மா படத்துக்குக் கீழே ஒட்டினேன். நல்ல முகம். மூக்குத்தி வெளிச்சத்தைப் பிடித்திருந்தது. முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

செல்விக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை, வகுப்பில் இருப்பாள். அந்தப் பையன் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டான். பக்கத்துக் கடையில் தையல்காரி ஜாய் இருந்தாள். ஒரு நிமிஷம் வாம்மா, இதை வாசி என்றால் வந்திருப்பாள். அதற்காக எழுந்தேன்கூட. எழுந்து — அவள் ஏன் அண்ணாச்சி என்று கேட்பாளே என்று உட்கார்ந்துவிட்டேன்.

அனுப்பிவிட்டேன். அச்சகத்தில் வந்ததை அடித்துக் கொடுப்பார்கள்.

சாயங்காலம் செல்வி வந்தாள். அவசரம், அனுப்பிட்டேன் என்றேன். உட்கார்ந்து அதைத் திறந்தாள்.

"இந்த அம்மா பேரு என்னங்க?"

"ஆவுடையம்மாள்."

நான் வலது பக்கம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"நிர்மலாதேவின்னு இருக்குங்க."

போன் போட்டோம். அந்தப் பையன் எடுக்கவில்லை. வேறு யாரோ எடுத்தார்கள். பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது. தெரு முழுக்க ஒட்டியாச்சு, எடுத்தாச்சு, எல்லாரும் போய்ட்டிருக்கோம் என்றார்கள்.

ஜூலை 17

செல்வி லீவு போட்டுவிட்டு என்னோடு கடைக்கு வந்தாள். வராதே என்றேன், கேட்கவில்லை.

பத்து மணிக்கு மேல் உச்சிமாகாளி அண்ணாச்சி வந்தார். கூட மகளும் வந்திருந்தது. கையில் ரோட்டிலிருந்து கிழித்துவந்த போஸ்டர், சுருட்டியிருந்தார். மேஜைமேல் விரித்தார்.

"இது யாரு?"

நான் அந்த அம்மா படத்தைப் பார்த்தேன்.

"படத்துல ஒருத்தங்க. பேரு என் மக பேரு. மேல கண்ணீர் அஞ்சலி. மாப்பிள்ளை வீட்டுக்கு எவனோ போட்டோ எடுத்து அனுப்பிட்டான். மாப்பிள்ளையோட அம்மா காலையில இருந்து அழுதுட்டிருக்கு, கல்யாணத்தைத் தள்ளிவைப்போம்னு சொல்லுது. நீரு என்ன சொல்லுதீரு?"

தப்பு நடந்துபோச்சு அண்ணாச்சி என்றேன்.

"தப்புன்னா? ஒரு எழுத்து மாறுனா தப்பு. பேரே வேறய்யா. அனுப்பறதுக்கு முன்னால ஒருக்கா வாசிச்சுப் பாக்கமாட்டீரா?"

ஜாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எதிர்க்கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். அவர் மறுபடியும், வாசிச்சுப் பாத்தீரா இல்லையா, அதைச் சொல்லும் என்றார்.

செல்வி சொல்லிவிட்டாள். "அவங்களுக்கு வாசிக்க முடியாது அண்ணாச்சி."

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தை மாதம், ஸ்கேன், வலது பக்கம், எல்லாம். வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொன்னாள். நான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா வரிசையும் ஒழுங்காக நின்றன.

உச்சிமாகாளி அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "வாசிக்க முடியாதவரு எதுக்குய்யா பேர் எழுதுதீரு?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அந்தப் பெண் அதுவரை பேசவில்லை. "அப்பா, வாங்க போவோம்" என்றது. போகும்போது போஸ்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டது. இங்கே கிடக்கட்டும் என்று விடவில்லை. தன் பெயர்தானே.

ஜூலை 18

கடை திறக்கவில்லை.

ஜூலை 19

கடை திறக்கவில்லை. செல்வியோடு பேசவில்லை. எல்லார் முன்னாலயும் சொல்லணுமா? சொல்லாமல் வேறு என்னதான் செய்திருப்பாள்? நான் நிற்கிற நிற்பைப் பார்த்துக்கொண்டு?

சாயங்காலம் காப்பியை வைத்துவிட்டு, "ஏதாவது திட்டணும்னா திட்டிருங்க. இப்படி இருக்காதிய" என்றாள். திட்டவில்லை. காப்பியைக் குடித்தேன்.

ஜூலை 22

மசூது வந்தான். என்ன நடந்தது என்று உட்கார்ந்து பார்த்தான். அவன் சொன்னதுதான். நான் பச்சையை அமுக்காததால் அந்த இரண்டு ஃபைலும் புரோகிராமுக்குத் தெரியவில்லை. பழசெல்லாம் இடத்துக்குப் போனபிறகு வரிசைகளில் மிச்சம் இரண்டு இடம், மிச்சம் இரண்டு ஃபைல். ஒன்றின் இடத்தில் மற்றது போய் உட்கார்ந்துவிட்டது.

"நான் அதைத் தானா நினைவு வச்சுக்கிற மாதிரி பண்ணியிருக்கணும் அண்ணாச்சி. முதல்லயே தோணியிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். உன் தப்பு இல்லைலே என்றேன். இல்லண்ணாச்சி, தோணியிருக்கணும் என்றான். புது யூபிஎஸ் கொண்டுவந்திருந்தான். இரண்டு மானிட்டரையும் அதில் மாட்டினான். மெயினை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினான். ஒரு ஐகான்கூட அசையவில்லை.

ஜூலை 30

யாரும் வரவில்லை. சொல்லிவைத்திருந்த ஒரு காதுகுத்தும் வேறு கடைக்குப் போய்விட்டது. வழியில் பார்த்தவர்கள் உடம்பு எப்படி இருக்கு என்று கேட்கிறார்கள். முன்னால் யாரும் கேட்டதில்லை. ஒருத்தர் கடைப் பலகையைக் காட்டி, இது என்னன்னு தெரியுதா என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஆகஸ்ட் 4

ஆறுமுகநயினார் வந்தார்.

நானாக அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பதினாறு கழியட்டும் என்று செல்வி சொன்னாள், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். அதற்குள் அவரே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. முகத்தில் வாரக்கணக்கான தாடி. வயல் இருக்கிறது, இரண்டு பையன்களும் மிலிட்டரியில். யார் என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

எழுந்து கும்பிட்டேன். கும்பிடாதிய, உக்காருங்க என்றார்.

"எனக்குச் சண்டை போட வரலை. சொந்தக்காரப் பயலுவதான் போய்க் கேட்டுட்டு வாரோம்னு குதிச்சானுவ. நான் வேண்டாம்னுட்டேன். கேட்டு என்ன, எரிச்சாச்சு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. கட்டின நாள்ல இருந்து ஏட்டிதான். ஏட்டி தண்ணி கொண்டா, ஏட்டி துண்டு எங்க. பிள்ளைகளுக்கு அம்மா. தெருவுல மிலிட்டரிக்காரன் அம்மா. அவ பேரு ரேஷன் கார்டுல மட்டுந்தான் இருந்துச்சு. போஸ்டர்னு பயலுவ சொன்னப்போ, சரி, இன்னைக்காவது ரோட்டுல அவ பேரு நிக்கட்டும்னு நெனச்சேன்."

ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார்.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு போட்டுக் குடுங்க. வீட்டுக்குள்ள மாட்ட" என்றார்.

வேறு கடையில் போட்டுக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்றேன்.

"அந்தப் படத்தை நீங்க நல்லாப் போட்டிருந்திய. அவ முகம் அப்படித்தான் இருக்கும். பேரை நான் பாத்துக்கிடுதேன். நான் வாசிப்பேன்லா."

படத்தைத் திறந்தேன். விரலை வைத்து ஆவுடையம்மாள் என்று அடித்தேன். அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டி, திரையில் விரலை வைத்து வாசித்தார். ஆ. வு. டை. யம். மா. ள். நின்றார். மறுபடியும் வாசித்தார். இரண்டாவது தடவை சேர்த்து வாசித்தார். கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 5

செல்வியிடம் நேற்று நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போய்ப் பின்வாசலில் நின்றாள். வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தாள். ஜூலை பதினேழுக்குப் பிறகு நாங்கள் ஒழுங்காகப் பேசியது இன்றைக்குத்தான்.

கடையை மூடிவிடுகிறேன் என்றேன். உங்க இஷ்டம் என்றாள். இஷ்டமில்லை, ஆனாலும் மூடுகிறேன் என்றேன்.

உச்சிமாகாளி அண்ணாச்சி கேட்டாரே, அதற்கு இத்தனை நாளும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். பெயர் என்பது ஒருத்தருக்கு எவ்வளவு என்று நேற்றுப் பார்த்தேன். அதை இடத்தை மட்டும் நம்பிக் கையில் எடுக்கக்கூடாது.

ஆகஸ்ட் 28

நிர்மலாதேவி கல்யாணம் இன்று நல்லபடியாக நடந்தது. தள்ளிவைக்கவில்லை. செல்வியோடு வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி போயிருந்தாளாம். நாங்கள் மொய்கூட அனுப்பவில்லை. அனுப்பினால் எங்கள் பெயரைப் பார்த்து அங்கே யாருக்காவது சங்கடமாக இருக்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடையைக் காலி செய்தோம். மொபைல் கவர் விற்கிறவர் எடுத்திருக்கிறார்.

மசூதுதான் கம்ப்யூட்டரைக் கழற்ற வந்தான். கழற்றுவதற்கு முன்னால் ஒருதடவை போட்டான். அந்தப் புது யூபிஎஸ் வந்ததிலிருந்து ஒன்றும் கலையவில்லை. இடது ஓரம், அடுத்த வரிசை, கீழ் ஓரம். கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கலாம்.

"எல்லாம் அங்கனயே இருக்கு அண்ணாச்சி" என்றான். அவனுக்கே ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது. திரும்பிக்கொண்டு வயரைச் சுற்றினான்.

படங்களைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். யாராவது கேட்டு வந்தால் கொடுக்க வேண்டும். செல்வி ஒவ்வொன்றாகப் பெயரை வாசித்தாள், மசூது ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை பேரா? ஒரு பெயரைக் கேட்டதும் மணமேடைப் பூ அலங்காரம் ஞாபகம் வந்தது. இன்னொன்றுக்கு அந்தக் குழந்தை மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அழுதது. முகமெல்லாம் இருக்கிறது. முடிந்ததும் மசூது கேட்டான்.

"அழிச்சிரவா?"

அழிச்சிரு என்றேன். வரிசை வரிசையாகப் போனது. கல்யாணங்கள் போயின. சடங்குகள் போயின. கீழ் ஓரத்தை அழிக்கும்போது கொஞ்சம் நின்று என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். இரண்டு திரையும் வெறும் நீலமாக நின்றன. மானிட்டர் ஒன்றை அவன் பள்ளிவாசல் பக்கத்தில் டியூஷன் எடுக்கிற பெண்ணுக்குக் கொடுக்கப் போகிறானாம். கொடு என்றேன்.

ஜாய் ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து தந்தாள். என்னைக் கூப்பிட்டிருக்கலாம்லா அண்ணாச்சி என்றாள்.

அக்டோபர் 2

வீட்டில் இருக்கிறேன். மழை.

அக்டோபர் 19

செல்வி தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். நன்றாக வந்தது.

நவம்பர் 9

இசக்கிமணி மச்சான் வந்தார். ஐயப்ப சீசன் தொடங்கப்போகிறது, சிப்ஸ் கடைக்கு ஆள் வேண்டும் என்றார். செல்வி சொல்லிவைத்துத்தான் வந்திருக்கிறார், அது தெரியாதா எனக்கு. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கடை வைத்திருந்தவன் இன்னொருத்தர் கடையில் போய் நிற்பதா? யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். அவர் போனபிறகு செல்வி ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன்.

நவம்பர் 23, ஞாயிறு

போகத் தொடங்கி ஒரு வாரமாகிறது. விடிவதற்குள் ஐந்தருவிக்குப் போய்விடுவோம். நேந்திரங்காய் தோல் உரிப்பது, எடை போடுவது, பொட்டலம் கட்டுவது. எடை மெஷினில் எண்தானே, தெரிகிறது. வலது பக்கம் நிற்கிற ஆள் குரல் கொடுத்தால்தான் எனக்குத் தெரியும் என்று மச்சான் எல்லாரையும் இடது பக்கமாகவே வரச் சொல்லுகிறார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, வந்துவிடுகிறார்கள்.

இன்றைக்குக் கூட்டம் அதிகம். குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஒரு குடும்பம் வந்தது. கறுப்பு வேட்டி கட்டின சாமி, அவர் சம்சாரம், இரண்டு பெண் பிள்ளைகள். சிப்ஸ் வாங்கிவிட்டு அவர், ஒரு போட்டோ எடுத்துத் தரமுடியுமா சாமி என்று போனை நீட்டினார். கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன். பின்னால் பாறையும் பச்சையும் தெரிகிற மாதிரி நிற்கவைத்தேன். எடுத்தேன். காட்டினேன்.

"சின்னவ பாதிதான் இருக்கா" என்று அந்த அம்மா சிரித்தாள். வலது ஓரத்தில் நின்றிருக்கிறாள் அந்தப் பிள்ளை. நான் பார்க்கவில்லை.

இன்னொண்ணு எடுக்கேன் நில்லுங்க என்றேன். தலையை வலது பக்கம் முழுக்கத் திருப்பி அது எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். பல் விழுந்த வாய். அக்காள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மறுபடி இடது பக்கம் வந்து ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டே போய் அந்தப் பிள்ளையில் முடித்தேன். பிறகு எடுத்தேன்.

அந்த அம்மா வாங்கிப் பார்த்தாள். நாலு பேரும் இருந்தார்கள். "நல்லா இருக்கு" என்று பெரிய பெண்ணிடம் காட்டினாள். சாமி கும்பிட்டுவிட்டுப் போனார்.

"மாப்ள, அடுப்புல எண்ணெய் காஞ்சிட்டு" என்றார் மச்சான். காயைச் சீவப் போனேன்.